காணாமல் போனவரைத் தேடும் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு வட்டாரத்தில், வீட்டில் ஒருவர் காணாமல் போன குடும்பங்களுக்குத் துணையாக நடக்கும் சிறிய தன்னார்வக் குழு எங்களுடையது. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இதில் இருக்கிறோம். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் தொலைபேசியில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இவைதாம். பதற்றத்தில் இருப்பவர் தமக்கு வேண்டிய கேள்வியை மட்டும் தேடிப் படித்தால் போதும்.

நேற்று மாலையிலிருந்து அப்பாவைக் காணவில்லை. 24 மணி நேரம் ஆன பிறகுதான் புகார் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

உண்மையில்லை. அவ்வளவு நேரம் பொறுத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. வாய்மொழியாகப் பரவிய இந்தக் கணக்கு, தேடலுக்கு மிகவும் பயன்படக்கூடிய நேரத்தைத் தின்றுவிடுகிறது. ஒருவர் பேருந்து ஏறிப் போயிருந்தால் அன்றிரவு நடத்துநருக்கு முகம் நினைவில் இருக்கும். மறுநாள் அவர் வேறு தடத்தில் இருப்பார், அதற்குள் ஆயிரம் முகங்களைப் பார்த்திருப்பார். கடைகளில் மாட்டியிருக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் பலவற்றில் 15 அல்லது 30 நாள்களில் பழைய பதிவின்மேல் புதிய பதிவு ஏறிவிடும், சிறிய கடைகளில் அதற்கும் முன்பே.

முதலில் சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் விசாரித்துவிடலாம் என்பதே பெரும்பாலானோரின் யோசனை. விசாரிக்க ஒருவர் வீட்டில் இருக்கட்டும், இன்னொருவர் காவல் நிலையத்துக்குக் கிளம்பட்டும். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்ற தயக்கமும் பல வீடுகளில் இருக்கிறது, குறிப்பாகக் காணாமல் போனவர் பெண்ணாக இருந்தால். அந்தத் தயக்கத்தை நாங்கள் ஏளனம் செய்வதில்லை. ஆனால் அதற்காக ஒரு நாளை விட்டுக்கொடுத்த குடும்பங்கள் பிறகு அந்த ஒரு நாளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம்.

புகார் கொடுத்ததும் ஒரு ரசீது தந்தார்கள். அது போதாதா?

அது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ஏற்பு ரசீது. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. நீங்கள் கேட்டுப் பெற வேண்டியது முதல் தகவல் அறிக்கை. ‘ஆள் காணவில்லை’ என்ற வகையிலேயே தமிழ்நாட்டில் அந்த அறிக்கையைப் பதிகிறார்கள். நிலையத்துப் பேச்சில் அதை ‘மேன் மிஸ்ஸிங்’ என்பார்கள். அது பதிவானால்தான் விவரம் காவல்துறையின் கணினி வலையமைப்பில் ஏறும், மற்ற மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் தெரியும், செல்பேசி கடைசியாக எந்தக் கோபுரத்தில் தொடர்பில் இருந்தது என்று அதிகாரி நிறுவனத்திடம் எழுதிக் கேட்க முடியும். பிற்காலத்தில் வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று எங்கே போனாலும் அந்த அறிக்கையின் எண்ணைத்தான் கேட்பார்கள். நகல் இலவசம்.

‘ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவாரு’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுடன் நாங்கள் மறுபடி போயிருக்கிறோம். கத்திப் பேசுவதால் எதுவும் நடப்பதில்லை. புகாரை எழுத்தில் இரண்டு படிகளாக எடுத்துப் போங்கள். எழுத்தர் மேசையில் இருப்பவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் பதியவில்லை என்றால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இணையவழியிலும் புகார் அனுப்பலாம். ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, மின்னணு வழியில் கொடுத்த தகவலில் 3 நாளுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும்.

அம்மா காட்பாடி ரயில் நிலையத்தில் காணாமல் போனார். எங்கள் ஊர் திருப்பத்தூர். எந்த நிலையத்தில் புகார் கொடுப்பது?

ரயில் நிலைய வளாகமும் ஓடும் ரயிலும் இருப்புப்பாதை காவல் நிலையத்தின் எல்லை. இவர்கள் மாநிலக் காவல்துறையைச் சேர்ந்தவர்கள். நடைமேடையில் நீங்கள் பார்க்கும் ரயில்வே பாதுகாப்புப் படையினர் ஒன்றிய அரசின் கீழ் உள்ளவர்கள். இரண்டு தரப்பிலும் சொல்ல வேண்டும், புகாரை முன்னவரிடம் பதிய வேண்டும். ஓடும் ரயிலில் இருந்துகொண்டே தகவல் சொல்ல 139 என்ற எண் இருக்கிறது. காட்பாடியிலிருந்து சென்னைக்கும், ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கும், திருப்பதிக்கும், வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரத்துக்கும் பாதை பிரிவதால், தவறான வண்டியில் ஏறியவர் சில மணி நேரத்தில் வேறு மொழி பேசும் ஊரில் இறங்கிவிடக் கூடும். ஆகவே நேரத்தையும், அந்த நேரத்தில் நிலையத்தில் நின்ற வண்டிகளையும் மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லைத் தகராறு வந்தால் கலங்க வேண்டாம். குற்றம் நடந்திருக்கலாம் என்று சந்தேகிக்கும் நிலையில், சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் அருகிலுள்ள நிலையமே தகவலைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். சித்தூர் எல்லை மிக அருகில் இருக்கும் இந்த வட்டாரத்தில் இது முக்கியம்.

உங்கள் குழு எங்களுக்காக என்ன செய்யும், என்ன செய்யாது?

நாங்கள் துப்பறிபவர்கள் இல்லை. தேடல் என்றதும் கூட்டமாகத் தெருவில் இறங்குவதைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். எங்கள் பெரும்பாலான நேரம் ஒரு 40 பக்க நோட்டில் போகிறது. யாரிடம் எப்போது பேசினோம், அவர் என்ன சொன்னார், அடுத்து யார் எங்கே போக வேண்டும் என்று தேதி வாரியாக எழுதிவைப்பதுதான் முதல் வேலை. நான்கு சகோதரர்கள் நான்கு பக்கம் ஓடி, ஒரே மருத்துவமனையில் நான்கு முறை விசாரித்து, பக்கத்து மருத்துவமனையை யாருமே பார்க்காமல் விட்ட குடும்பம் ஒன்று எங்களுக்கு இதைக் கற்பித்தது. புகார் எழுதித் தருவது, நிலையத்துக்கு உடன் வருவது, அடையாளம் காட்ட வேண்டியிருந்தால் அருகில் நிற்பது, வெளியூர்த் தன்னார்வலர்களிடம் தகவல் சேர்ப்பது ஆகியவையும் எங்கள் வேலை.

செல்பேசி அழைப்பு விவரங்களைத் ‘தெரிந்த ஆள்’ மூலமாக எடுத்துத் தர மாட்டோம்; அது குற்றம். யாரையும் மிரட்டி விசாரிக்க மாட்டோம். கட்டணம் கிடையாது. பயணச் செலவைக் குடும்பத்தால் ஏற்க முடிந்தால் ஏற்கலாம், முடியாவிட்டால் நாங்கள் பகிர்ந்துகொள்வோம்.

முதலில் எங்கே தேட வேண்டும்?

யாரைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மறதி நோய் உள்ள முதியவர் என்றால், அவர் ‘எங்கோ’ போவதில்லை, தம் மனத்தில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்க்கைக்குத்தான் போகிறார். எப்போதோ மூடப்பட்ட பீடிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர் உண்டு, பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிற பாட்டி உண்டு. ஆகவே, இப்போதைய முகவரியைவிடப் பழைய முகவரிகளையே முதலில் கேட்போம்: எந்தத் தெருவில் குடியிருந்தார், எந்தத் தறிக்கூடத்தில் வேலை பார்த்தார், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அழைத்துப் போனார். வீட்டைச் சுற்றியுள்ள புதர், கட்டிமுடியாத வீடு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, கிணறு ஆகியவற்றை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கச் சொல்வோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்களில் பலர் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே கூப்பிட்டுக்கொண்டே கடந்து போவது தேடியதாக ஆகாது.

விபத்துக்கு வாய்ப்பு இருந்தால் மருத்துவமனைகள். அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. எனப்படும் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வேலூர் வளாகமும் இராணிப்பேட்டை வளாகமும், வட்ட அரசு மருத்துவமனைகள் என்று எல்லா இடங்களிலும் கேட்க வேண்டும். பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நினைவில்லாமல் வந்தவர் ‘அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 50’ என்றுதான் விபத்துப் பதிவேட்டில் இருப்பார். வயதைப் பத்து ஆண்டு கூடுதலாகவோ குறைவாகவோ எழுதியிருப்பார்கள். 108 வண்டி அந்த இரவில் அந்தச் சாலையிலிருந்து யாரையாவது ஏற்றியதா என்றும் கேட்கலாம்.

மனநலம் குன்றி அலைபவர்கள் பேருந்து நிலையம், கோயில் அன்னதானம், கிரிவலப் பாதை ஆகிய இடங்களில் தென்படுகிறார்கள். சோறு கிடைக்கும் இடம், படுக்கக் கூரை உள்ள இடம், விரட்டாத இடம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர்ப் பாதையை ஒரே நடையில் சுற்றிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவு செய்யாதீர்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் தேடுவதைவிட மறுநாள் காலையில், கூட்டம் வடிந்த பிறகு, அங்கேயே தங்கிவிட்டவர்களிடம் படத்தைக் காட்டுவது பலன் தரும். தேநீர்க் கடைக்காரர்களும் பூ விற்பவர்களும் எங்களுக்குத் தந்த தகவல்களுக்குக் கணக்கில்லை.

இன்னோர் இடத்தைச் சொன்னால் குடும்பத்தார் கோபப்படுவார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறோம். தொரப்பாடியில் மத்தியச் சிறை இருக்கிறது, பெண்களுக்கான தனிச் சிறையும் இருக்கிறது. கைதானவரின் உறவினருக்குத் தகவல் தர வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் எண் நினைவில்லாதவரும், வெட்கப்பட்டு வீட்டு எண்ணைச் சொல்லாதவரும் உண்டு.

படம் போட்டு வாட்ஸாப்பில் பரப்பலாமா?

பரப்பலாம், ஆனால் ஒழுங்காக. பெரும்பாலும் குடும்பங்கள் கல்யாண ஆல்பத்துப் படத்தையோ, ஸ்டூடியோவில் முகத்தை வெளுப்பாக்கி எடுத்த படத்தையோ, பத்தாண்டுக்கு முந்தைய ஆதார் படத்தையோ கொண்டுவருகிறார்கள். எங்களுக்கு வேண்டியது கடந்த பொங்கலுக்கோ வீட்டு விசேஷத்துக்கோ செல்பேசியில் எடுத்த, சிரித்தோ சிரிக்காமலோ இயல்பாக இருக்கும் படம். முழு உருவப்படம் ஒன்றும் சேர வேண்டும். நடையும் தோள்சாய்வும் முகத்தைவிட நினைவில் நிற்கும்.

காணாமல் போன தேதியை ஆண்டோடு எழுதுங்கள். ஆண்டு இல்லாத அறிவிப்புகள் ஆள் வீடு திரும்பிப் பல ஆண்டுகள் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வீட்டு எண்ணைப் போடாமல் காவல் நிலைய எண்ணையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் போடுவது நல்லது. ஏன் என்பது அடுத்த பதிலில் தெரியும். மனநோய், குடும்பச் சண்டை, கடன் ஆகியவற்றை அறிவிப்பில் எழுதாதீர்கள். நாளை அவர் திரும்பி வந்து இதே தெருவில் வாழ வேண்டியவர்.

‘உங்கள் மகன் என்னிடம்தான் இருக்கிறான், பணம் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வந்தது.

இப்படிப்பட்ட அழைப்பு வராத குடும்பத்தை நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. மருத்துவச் செலவுக்கு, ரயில் டிக்கெட்டுக்கு என்று சிறிய தொகையில் தொடங்குவார்கள். அறிவிப்பில் இல்லாத ஒரு அடையாளத்தைக் குடும்பம் தனக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறோம்: காலில் உள்ள தழும்பு, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர், இடுப்புக் கயிற்றில் கட்டியிருக்கும் தாயத்து. அழைப்பவர் அதைச் சொல்லட்டும், அல்லது வீடியோ அழைப்பில் முகத்தைக் காட்டட்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையவழி மோசடிக்கான 1930 என்ற எண்ணில் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குத் தொகையை முடக்க வாய்ப்பு உண்டு. மிரட்டல் தொனி இருந்தால் அழைப்பைப் பற்றி உடனே நிலையத்தில் சொல்லுங்கள், நீங்களே பேரம் பேசாதீர்கள்.

மை போட்டுப் பார்த்ததில், வடக்குத் திசையில் தண்ணீர் ஓரமாக இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போய்ப் பார்க்கலாமா?

உங்கள் மனத்துக்கு ஆறுதலாக இருந்தால் குறி கேட்பதை நாங்கள் தடுப்பதில்லை. ஆனால் வேலூருக்கு வடக்கே பாலாறும் பொன்னையாறும் எத்தனையோ ஏரிகளும் இருக்கின்றன. அந்தச் சொல்லை நம்பித் தெற்கே போகாமல் இருந்துவிடக் கூடாது. குறிக்காகக் கடன் வாங்கவும் கூடாது.

குழந்தை காணாமல் போனால் நடைமுறை வேறா?

வேறுதான். 18 வயது நிரம்பாத யாராக இருந்தாலும் முதல் தகவல் அறிக்கை கட்டாயம். கடத்தலோ ஆள் விற்பனையோ நடந்திருக்கலாம் என்று கருதியே விசாரணையைத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே 10 அன்று, பச்பன் பச்சாவோ ஆந்தோலன் என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உத்தரவிட்டது. 4 மாதத்தில் கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். அவசர உதவி எண் 112-ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் உடனே அழையுங்கள்.

தனியாக நிற்கும் குழந்தையை நீங்கள் கண்டெடுத்தால், இரக்கப்பட்டு வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கோ 1098-க்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. குழந்தை கிடைத்த பிறகு அதன் படத்தை எல்லாக் குழுக்களிலிருந்தும் நீக்க வேண்டும், ‘கிடைத்துவிட்டாள்’ என்று முகத்தைப் போட்டுக் கொண்டாடவும் கூடாது. அந்த மகிழ்ச்சி புரிகிறது, ஆனால் அந்த இடைவெளியில் குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று நமக்குத் தெரியாது.

குடியாத்தத்துக் கங்கையம்மன் சிரசுத் திருவிழா, கார்த்திகை தீபம் போன்ற கூட்டங்களுக்குக் குழந்தையை அழைத்துப் போனால், கிளம்பும் முன் வாசலில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன நிறச் சட்டை என்று கேட்டால் பெற்ற தாய்க்கே அப்போது நினைவு வராது.

எங்கள் பெண்ணுக்கு 20 வயது. ஒரு பையனுடன் போய்விட்டாள் என்று சந்தேகம். கண்டுபிடித்துத் தருவீர்களா?

பாதுகாப்பாக இருக்கிறாளா என்று அறிய உதவுவோம். எங்கே இருக்கிறாள் என்று சொல்ல மாட்டோம். 18 வயது நிரம்பியவர் தம் விருப்பப்படி போயிருந்தால், காவல்துறை அவரிடம் வாக்குமூலம் வாங்கி, நலமாக இருக்கிறார் என்று குடும்பத்துக்குத் தெரிவிக்கும். முகவரியைத் தர வேண்டுமா என்பது அவருடைய முடிவு. சாதி கடந்து மணம் செய்தவர்களைக் குடும்பங்கள் தேடிப்போய் என்ன செய்திருக்கின்றன என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாததன்று. 2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய இணையர்களுக்குப் பாதுகாப்பு இல்லங்களும் தனிப் பிரிவுகளும் வேண்டும் என்று சொன்னதும் அதனால்தான். இந்த ஒரு விஷயத்தில் எங்கள் குழுவைத் திட்டிவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு. கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்ணை ‘மனைவியைக் காணோம்’ என்று தேடி வருபவருக்கும் இதே பதில்தான்.

கட்டாயப்படுத்தி அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால், வழி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு.

வெளி மாநிலக் காப்பகத்தில் ஒருவர் ‘வட ஆற்காடு’ என்று மட்டும் சொல்கிறாராம். எங்கிருந்து தொடங்குவது?

எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. மகாராஷ்டிரத்திலோ கேரளத்திலோ உள்ள ஒரு காப்பகத்தில், பத்து இருபது ஆண்டுகளாக அலைந்து சிகிச்சையில் தெளிவடைந்த ஒருவர், தம் ஊரை இளமையில் அறிந்த பெயரில்தான் சொல்வார். அந்த மாவட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. எஞ்சியது வேலூர் மாவட்டம் என்று ஆகி, 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. ஆகவே அவர் சொல்வது அரக்கோணமாகவும் இருக்கலாம், செங்கமாகவும் இருக்கலாம், வந்தவாசியாகவும் இருக்கலாம். காப்பகத்தார் ‘ஆற்காடு’ என்ற ஊருக்கு மட்டும் கடிதம் எழுதி, பதில் வராமல் விட்டுவிடுகிறார்கள்.

அவருடன் தொலைபேசியில் பேசும்போது நாங்கள் ஊர்ப் பெயரைக் கேட்பதில்லை, கேட்டால் மூடிக்கொள்வார்கள். மாட்டைப் பற்றிக் கேட்போம். பொங்கலுக்கு ‘மாடு விடுவாங்க’ என்று எருது விடும் விழாவைச் சொன்னால் ஒரு பக்கம். சிரசுத் திருவிழாவைச் சொன்னால் குடியாத்தத்துப் பக்கம். தறிச் சத்தத்தையும் பட்டையும் சொன்னால் ஆரணி. தோல் நாற்றத்தைச் சொன்னால் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை. இடையில் உருதுச் சொல் வந்தாலும் தெலுங்கு வந்தாலும் குறித்துக்கொள்வோம். ‘கீது’, ‘வந்துகினு’, ‘இட்டுகினு’ என்ற பேச்சு எங்கள் காதில் விழுந்தாலே பாதி நம்பிக்கை வந்துவிடும். எந்த ஊருக்குச் சந்தைக்குப் போவீர்கள், பஸ் எந்த மரத்தடியில் நிற்கும், ரேஷன் கடைக்காரர் பேர் என்ன என்று போகும் பேச்சு. ஒருமுறை ஒரு பெரியவர் தெருக்கூத்தில் தாம் கட்டிய வேஷத்தைச் சொன்னார். அந்தக் கூத்து ஜமாவை விசாரித்ததில் இரண்டே நாளில் அவருடைய தங்கை மகன் தொலைபேசியில் வந்தார்.

கிடைத்த ஊருக்கு நேரே போய்க் கதவைத் தட்டுவதில்லை. ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், பழைய வாத்தியார் ஆகியோரில் ஒருவரிடம் முதலில் பேசுவோம். இறந்துவிட்டார் என்று கருமாதி முடித்த வீடாக இருக்கலாம். மனைவி வேறு வாழ்க்கை அமைத்திருக்கலாம். நிலம் பங்கு பிரிந்திருக்கலாம்.

சட்டமும் இதில் துணை நிற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநோயோடு அலைபவரைக் காவல்துறை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ அமைப்பில் சேர்க்க வேண்டும். வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்று அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் நிலைய அதிகாரியின் கடமை. சாலையில் அலையும் மனநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்து வீடு சேர்க்கும் பணிக்காக, மகாராஷ்டிரத்தின் கர்ஜத்தில் மறுவாழ்வு மையம் நடத்தும் மருத்துவர் பரத் வட்வானிக்கு 2018-இல் மகசேசே விருது கிடைத்தது. சென்னையில் இத்தகையவர்களுக்காகப் பான்யன் அமைப்பு 1993 முதல் இயங்குகிறது.

சி.எம்.சி.க்குச் சிகிச்சைக்கு வந்த வங்காளக் குடும்பத்தில் ஒருவரைக் காணவில்லை. மொழி தெரியாமல் தவிக்கிறார்கள்.

எங்களை அழையுங்கள், வங்காளமும் இந்தியும் பேசும் நண்பர்கள் காந்தி ரோட்டு லாட்ஜ்களிலும் கடைகளிலுமே இருக்கிறார்கள். நோயாளியின் மருத்துவமனை எண், மருந்துச் சீட்டு, லாட்ஜ் பதிவேட்டு நகல் ஆகிய மூன்றும் முதலில் வேண்டும். காணாமல் போனவர் வலிப்புக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதச் சொல்வோம். குடும்பம் ஊர் திரும்ப நேர்ந்தால், நிலையத்தில் உள்ளூர்த் தொடர்பாக எங்களில் ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

ஜவ்வாது மலையிலிருந்து மேஸ்திரியோடு வேலைக்குப் போன அண்ணனிடமிருந்து தகவல் இல்லை. புகார் கொடுத்தால் அவர்மேலேயே வழக்கு வருமா?

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலைக் கிராமத்தவர். அதற்குப் பிறகும், என்ன வேலை என்று முழுதாகத் தெரியாமலே தரகரோடு போனவர்களின் வீடுகள் புகார் கொடுக்கத் தயங்குகின்றன. ஆள் காணவில்லை என்று சொல்வது குற்ற ஒப்புதல் ஆகாது. தரகரின் பெயர், வண்டி எண், கடைசி அழைப்பு வந்த எண் ஆகியவற்றோடு எழுதிக் கொடுங்கள். வழக்கறிஞர் துணையோடு போவது நல்லது. நாங்கள் ஏற்பாடு செய்கிறோம். கரும்பு வெட்டு, செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கிப் போனவர் என்றால், கொத்தடிமையாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வருவாய்க் கோட்டாட்சியரிடமும் மனு கொடுக்க வேண்டும்.

பிணவறையில் ஒருவரை வந்து பார்க்கச் சொல்கிறார்கள். போக மனம் வரவில்லை.

அம்மாவையோ மனைவியையோ முதலில் அனுப்பாதீர்கள். நெருக்கமாகப் பழகிய, ஆனால் சற்று விலகிய உறவில் உள்ள இருவர் போகட்டும். எங்களில் ஒருவரும் வருவோம். நேரே உடலருகே போக வேண்டியதில்லை. விசாரணை அதிகாரியிடம் முதலில் படங்களையும் உடைமைகளையும் கேளுங்கள். முகம் மாறிவிடும்; தண்ணீரில் கிடந்த உடலில் நிறமும் பருமனும் ஏமாற்றும். சட்டைக் காலரில் தையல்காரர் தைத்த பெயர்த் துணி, பச்சை குத்திய எழுத்து, அரைஞாண், செருப்பின் தேய்மானம், கட்டிய பல் ஆகியவை ஏமாற்றுவதில்லை. தையல்காரர் துணி ஒன்றே உயிரற்ற ஒருவரை அவருடைய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் ‘உறுதியில்லை’ என்றே சொல்லுங்கள். சோர்வில் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் இரண்டு குடும்பங்கள் கெடும். மரபணுச் சோதனைக்கு எழுதிக் கேளுங்கள். அடக்கம் செய்யும் முன் மாதிரி எடுத்துவைக்கவும் கேட்கலாம்.

நாங்கள் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறோம். போரில் பிரிந்த தம்பியைத் தேட வழி உண்டா?

உண்டு, மெதுவான வழி. பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் போரில் பிரிந்த குடும்பங்களுக்காகத் தேடல் விண்ணப்பங்களைப் பெறுகிறது. இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகவும் அனுப்பலாம். இலங்கையில் காணாமற்போனோருக்கான அலுவலகம் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2018-இல் செயல்படத் தொடங்கியது. அந்த அலுவலகத்தின்மேல் வடக்கு, கிழக்கில் உள்ள தாய்மார் பலருக்கு நம்பிக்கை இல்லை. 2017 முதல் தெருவோரத்தில் அமர்ந்து பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு உங்களை விண்ணப்பிக்கச் சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை. இறந்தார் என்று பதியாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் பதியும் சான்றிதழ் முறையும் அங்கே இருக்கிறது. விண்ணப்பிப்பதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், எழுத உதவுவோம்.

ஏழு ஆண்டு ஆகிவிட்டால் இறந்ததாகச் சான்றிதழ் தானாகக் கிடைக்குமா?

தானாகக் கிடைக்காது. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குத் தெரிந்திருக்குமோ அவர்களுக்கு 7 ஆண்டுகளாக எந்தச் செய்தியும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 111-ஆம் பிரிவு இது. உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு அறிவிப்பு வாங்கி, அதை வைத்து இறப்பைப் பதிய வேண்டும். அப்போது உங்கள் முதல் தகவல் அறிக்கையும், கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை தரும் சான்றும், நாங்கள் எழுதிவைக்கச் சொன்ன அந்த நோட்டும் வேண்டியிருக்கும்.

தாலியைக் கழற்றுவதா, பொட்டு வைப்பதா என்று அந்தப் பெண்ணிடம் ஊர் கேட்கும். சான்றிதழுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அவர் விருப்பம்.

வந்துவிட்டார். இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சாப்பாடு, தூக்கம், தேவைப்பட்டால் மருத்துவர். எங்கே போனாய், ஏன் போனாய் என்ற கேள்விகளைச் சொந்தக்காரர் வட்டமாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். ஓரிரு நாளில் அவரை நிலையத்துக்கு அழைத்துப் போய் வாக்குமூலம் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ளுங்கள். முடிக்காமல் விட்டால் பெயர் காணாமல் போனவர் பட்டியலிலேயே இருக்கும். பரப்பிய குழுக்களிலெல்லாம் அறிவிப்பை நீக்கச் சொல்லுங்கள். பேருந்து நிலையத்தில் ஒட்டிய சுவரொட்டிகளை நாங்கள் கிழித்துவிடுகிறோம். எந்தெந்தச் சுவர் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம்.